விதைநெல்லுக்குள் ஒரு வினாத்தாள்

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி அது. கல்முனைப் பிரதான வீதியில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இயங்கிய கம்பியூட்டர் நிலையத்தில் எனக்கு வேலை. மாரி மழை இன்னும் இறங்கவில்லை. வெக்கையும் கடற்காற்றும் மாறி மாறி வந்துகொண்டிருந்த நாட்கள். அந்த மேல்மாடியில் இருந்த ஒரேயொரு மின்விசிறி கம்பியூட்டரைப் பார்த்துத்தான் சுழலும், எங்களைப் பார்த்து அல்ல. நாங்கள் வேர்த்து வடிந்தாலும் முதலாளி கவலைப்பட மாட்டார். கம்பியூட்டர் சூடாகிவிட்டால் அவருடைய முகம் வாடிவிடும்.

கீழேயிருந்த புடவைக் கடையும் அவருடையதுதான். மருதமுனையில் ஆண்கள் உடுத்தும் கைத்தறிச் சாரன் நெய்விக்கிற குடும்பம். எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரனைக் காக்கா என்போம். வயதில் மூத்த, மனதுக்கு நெருக்கமான ஆண்களையும் அப்படித்தான் கூப்பிடுவோம். முதலாளியை எல்லோரும் காக்கா என்றே அழைத்தார்கள். நானும் அப்படித்தான். கொழும்பில் சாச்சியின், அதாவது சின்னம்மாவின், வீட்டில் தங்கி ஒரு கம்பியூட்டர் பாடநெறி முடித்துவிட்டு வந்திருந்த என்னை நம்பி, அந்த மேல்மாடியையே தூக்கித் தந்தவர் அவர்.

காக்காவைப் பற்றி ஒரு விஷயம் சொன்னால்தான் நடந்தது விளங்கும். எங்கள் ஊர்களில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டில் ஏதாவது வந்தால், அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியையாவது போட்டுத்தான் கொடுத்தனுப்புவார்கள். காக்கா இந்த வழக்கத்தைக் கம்பியூட்டருக்கும் கொண்டுவந்துவிட்டார். அப்போது எதையும் ஒரு கம்பியூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக ப்ளொப்பி டிஸ்க்தான் வழி. உள்ளங்கை அளவில் ஒரு சதுரத் தகடு. யாராவது ஒரு டிஸ்க்கில் எதையாவது அனுப்பினால் காக்காவுக்குக் கை சும்மா இருக்காது. "வெறும் டிஸ்க்க அனுப்பப்படா புள்ள, என்னத்தயாவது போட்டுக் குடு" என்பார். தொழுகை நேர அட்டவணை, பூப்போட்ட வாழ்த்து மடல், கலண்டர் என்று எதையாவது நிரப்பி அனுப்புவேன். ஊரில் அன்றைக்கு இருந்ததே விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பியூட்டர்கள். அவற்றுக்கிடையே இந்தக் கொடுக்கல் வாங்கல் பெருநாள் பலகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

டிஸ்க்கில் வைரஸ் வரும், கவனமாக இருங்கள் என்று கொழும்பில் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். நான் சொன்னால் காக்கா சிரிப்பார். "தெரிஞ்ச ஆக்கள்தானே புள்ள" என்பது அவருடைய பதில்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. பதினோராம் வகுப்பு முடிவில் வரும் ஓ.எல். பரீட்சைக்கு முன்னால், சுற்றுவட்டாரத்திலுள்ள முஸ்லிம் பாடசாலைகளும் தமிழ்ப் பாடசாலைகளும் சேர்ந்து பொதுவாக ஒரு முன்னோடிப் பரீட்சை வைப்பார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்த அதிபர் ஒருநாள் எங்கள் படியேறி வந்தார். கண்டிப்பான மனிதர். அதுவரை வினாத்தாள்களைத் தட்டச்சில் ஸ்டென்சில் வெட்டி, ரோனியோ என்ற பிரதி இயந்திரத்தில் அடித்துவந்தார்கள். மற்றப் பாடங்கள் பரவாயில்லை. கணித வினாத்தாள்தான் அவருக்குத் தலையிடி. ஸ்டென்சிலில் கையால் கீறிய வட்டமெல்லாம் அடித்து வரும்போது கோழிமுட்டையாகியிருக்கும். முட்டைக்குத் தொடுகோடு வரைந்து கோணம் காணச் சொன்னால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்!

"இந்த முறை கணிதத்த மட்டும் ஒங்களிட்டத் தாறன்" என்றார். "சரியா வந்தா அடுத்த முறை எல்லாப் பாடமும் வரும். எங்கட பாடசாலையிலயும் ஒரு கம்பியூட்டர் அறை போட இரிக்கம். அதுக்கும் நீங்கதான் திட்டம் எழுதித் தரவேணும், மகள்."

எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. ஆனால் அவர் அத்தோடு போகவில்லை.

"என்ட அலுமாரிச் சாவி என்ட இடுப்புல இரிக்கி. ஒங்கட கம்பியூட்டர்ர சாவி ஆர்ட இடுப்புல இரிக்கி?"

"கடவுச்சொல் போட்டிரிக்கம் சேர். அது தெரியாம ஆரும் திறக்க ஏலா" என்றேன் பெருமையாக.

பக்கத்தில் நின்ற காக்காவுக்கு என்னைவிடப் பெருமை. "ஓம் சேர், என்ட மூத்த மகள்ர பேரத்தான் போட்டிரிக்கம்!"

அதிபர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அன்று பின்னேரமே கடவுச்சொல்லை மாற்றினேன், காக்காவிடம் சொல்லவில்லை.

அதிபர் போகும்போது சொன்னதுதான் என் மனதில் கல்லாகக் கிடந்தது. ஒரு கேள்வி வெளியே போனாலும் பரீட்சையே நின்றுவிடும். அதன்பிறகு எந்தப் பாடசாலையும் கம்பியூட்டரை வாசற்படியில்கூட ஏற்றாது என்றார். உண்மைதான். ஊரில் பாதிப் பேர் அதை விளையாட்டுச் சாமான் என்றே நினைத்திருந்தார்கள். ஒரு தடவை பிழைத்தால் போதும், மற்றப் பாதியும் அவர்களோடு சேர்ந்துவிடும்.

வினாத்தாளைத் தட்டுவதைவிடப் படங்களை வரைவதுதான் பெரும்பாடு. வட்டம், முக்கோணம், வரைபு என்று ஒவ்வொன்றாக மவுஸை அசைத்து அசைத்து வரைந்தேன். வாரக்கணக்கில் இழுத்தது. முடிந்ததும் வினாத்தாளையும் படங்களையும் தமிழ் எழுத்துருவையும் சேர்த்து ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்தேன். அந்த டிஸ்க்கின் மூலையில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் டிஸ்க்கில் இருப்பதைப் படிக்கலாம், எவராலும் எதையும் எழுத முடியாது. அதையும் தள்ளிவிட்டு, மேலே 'கணிதம்' என்று எழுதி ஒட்டி, மேசையின் இழுப்பு லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

லாச்சிக்கு இரண்டாவது சாவி ஒன்று காக்காவிடம் இருப்பது எனக்குத் தெரியும். அவருடைய மேசை, அவருடைய சாவி. அதில் நான் என்ன சொல்ல?

பரீட்சைக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. அதிபர் சொல்லும் கடைசித் திருத்தத்தைச் செய்து அச்சடிக்க வேண்டியதுதான் மிச்சம். ஒரு சனிக்கிழமை காலையில் கம்பியூட்டரைப் போட்டேன். கறுத்த திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. தொடங்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லையாம். நிறுத்திப் போட்டேன். அதே வரி. திரும்பவும் போட்டேன். அதே வரி.

கொழும்பில் ஒரு நாள் எங்கள் ஆசிரியர் வைரஸ் பிடித்து இப்படிச் செத்துக் கிடந்த கம்பியூட்டர் ஒன்றைக் காட்டியிருந்தார். எங்கிருந்து வந்தது என்பதை யோசிக்க நேரம் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காரைதீவிலிருந்து ஒரு டிஸ்க் வந்திருந்தது. அங்கே தன் வீட்டு முன்னறையில் ஒரு கம்பியூட்டர் வைத்திருந்த இளைஞர் அனுப்பியது. டியூசனில் கணக்குப் படிப்பிப்பவர். எங்களைப் போலவே கம்பியூட்டர் பைத்தியம். தட்டச்சுப் பழகும் விளையாட்டு ஒன்று அதில் இருந்தது. மேலிருந்து எழுத்துகள் மழை மாதிரி விழும். தரையைத் தொடுவதற்கு முன் அந்தந்த விசையைத் தட்டவேண்டும். எங்களிடம் பழக வரும் பிள்ளைகளுக்கு நல்லது என்று வாங்கி, நான் கம்பியூட்டரைத் திறந்துவைத்ததும் பிள்ளைகளுக்கு இடம் விடாமல் நாலு நாளும் காக்காவே விளையாடிக்கொண்டிருந்தார். வைரஸ் அதோடுதான் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

பரவாயில்லை, பிரதி இருக்கிறதே என்று லாச்சியைத் திறந்தேன். 'கணிதம்' டிஸ்க் இல்லை. காகிதங்களை அள்ளிக் கீழே போட்டுத் தேடினேன். இல்லை. அந்த நேரம் பார்த்துக் காக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு படியேறி வந்தார்.

"காக்கா, இதுக்குள்ள இருந்த கணிதம் டிஸ்க் எங்க?"

"அதா? காரைதீவுத் தம்பிக்கு வியாழக்கிழமை குடுத்தனுப்பின புள்ள. கேம் அனுப்பின மனிசனுக்கு வெறும் டிஸ்க் அனுப்பப்படாதே! கணக்கு மாஸ்டர்தானே, வட்டம் முக்கோணமெல்லாம் வடிவாக் கீறி வச்சிரிக்கன் எண்டு நீதானே சொன்ன. ஒதவுமெண்டு நினச்ச."

"காக்கா... வினாத்தாளும் அதுக்குள்ளதான் இரிக்கி."

காக்கா கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "யா அல்லாஹ், நான் என்ன வேல செஞ்ச!" என்றார். அவரை ஏசவேண்டும் போலவும் இருந்தது, பார்க்கப் பாவமாகவும் இருந்தது. நல்லது செய்யப்போய் மாட்டிக்கொண்ட மனிதரை எப்படி ஏசுவது?

நிலைமையை எண்ணிப் பார்த்தேன். கையெழுத்துப் பிரதி அதிபரின் அலுமாரியில் இருக்கிறது. ஆனால் இருக்கும் நாட்களுக்குள் அத்தனை படங்களையும் திரும்ப வரைய முடியாது. அதைவிடப் பெரிய இடி, ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கும் ஒருவரின் கையில் ஓ.எல். கணித வினாத்தாள் போய் இரண்டு நாளாகிவிட்டது. எங்கள் முஸ்லிம் பக்கத்துக்கும் காரைதீவுத் தமிழ்ப் பக்கத்துக்கும் நடுவில் அந்தக் காலத்தில் மனக்கசப்புகளும் இருந்தன. ஒரு வார்த்தை வெளியே வந்தால் அது பரீட்சையோடு மட்டும் நிற்காது.

"முதல்ல அந்தத் தம்பியப் போய்ப் பாப்பம். மறுகா அதிபருக்கிட்டப் போவம்" என்றார் காக்கா.

"எது நடந்தாலும் அதிபருக்குச் சொல்லத்தான் வேணும் காக்கா."

"சொல்லாம? மறைச்சு வச்சு நோன்பு புடிக்கவா சொல்றாய்?" என்று அந்த நேரத்திலும் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

ஓட்டோ பிடித்தோம். சாய்ந்தமருதைக் கடந்து காரைதீவு எல்லைக்கு வந்ததும் படையினரின் சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டு விசாரித்தார்கள். "கம்பியூட்டர் பழுது" என்றார் காக்கா. அவர்கள் காக்காவின் வெறுங்கையைப் பார்த்தார்கள், என்னுடைய முகத்தைப் பார்த்தார்கள், பிறகு போகச் சொன்னார்கள்.

அந்த வீட்டு வாசல் படலையில் ஓர் அட்டை மட்டை தொங்கியது. 'பரீட்சை முடியும்வரை வகுப்பு இல்லை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பரீட்சைக்கு முந்தின கிழமையில் எந்த டியூசன் மாஸ்டராவது வகுப்பை நிறுத்துவாரா? கையில் வினாத்தாள் இருக்கும்போது வகுப்பு எதற்கு, வேண்டியவர்களுக்கு மட்டும் காட்டினால் போதும்தானே என்று என் மனம் அவசரமாகக் கணக்குப் போட்டது. காக்காவும் மட்டையைப் படித்தார். படலையைத் திறந்துகொண்டு உள்ளே நடந்தார்.

முன்னறையில் அந்த இளைஞரின் கம்பியூட்டர் மூடி கழற்றிய நிலையில் கிடந்தது. அதுவும் செத்துவிட்டது என்று பார்த்ததுமே விளங்கியது. எங்களைக் கண்டதும் அவர் எழும்பி ஓடிவந்தார்.

"காக்கா, நானே வரத்தான் வெளிக்கிட்டன். அந்த கேமத் திறந்திடாதீங்க, அதுக்குள்ள வைரஸ் இரிக்கு. என்ட மெசின் விடியப் போச்சு."

"எங்கடதும் போச்சு தம்பி" என்றார் காக்கா.

அந்த இளைஞர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த நேரம் உள்ளேயிருந்து அவருடைய தங்கை எட்டிப் பார்த்தாள். பாடசாலைப் பிள்ளை. எங்களைக் கேட்டாலாவது நியாயம் கிடைக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, "நீங்களாவது கேளுங்க. அடுத்த கிழம சோதின. கிளாஸையும் நிப்பாட்டிட்டார், வீட்டுலயும் எனக்கு ஒரு கணக்குச் சொல்லித் தாறாரில்ல. நேத்துல இருந்து கொப்பியத் தூக்கிட்டுப் போனா எழும்பி வெளிய போறார்" என்று பொரிந்து தள்ளினாள்.

"நீ போய்த் தேத்தண்ணி போடு" என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ், ஒங்கட டிஸ்க் பத்திரமா இரிக்கு. வியாழக்கிழம படம் பாக்கலாமெண்டு திறந்தன். முதல் பக்கத்துல சோதினைட பேரும் ஆண்டும் கிடந்திச்சு. ரெண்டு மூணு கேள்வி கண்ணுல பட்டிட்டு. ஒடன டிஸ்க்க வெளிய எடுத்திட்டன். நேத்து வெள்ளிக்கிழம, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கல்முனைக்கு வந்தன், கடை பூட்டு. ஆர்ட கையிலயும் குடுத்திட்டு வர மனமில்ல. திருப்பிக் கொண்டு வந்திட்டன்."

"கிளாஸ ஏன் தம்பி நிப்பாட்டின?" என்று கேட்டார் காக்கா.

"பாத்திட்டன் காக்கா. மறக்க ஏலாதே. படிப்பிக்கக்குள்ள என்னையறியாம அந்தக் கணக்குத்தான் வாயில வரும். தங்கச்சியும் இந்தச் சோதினதான் எழுதுறா. அவளுக்கு ஒண்டச் சொல்லிக் குடுத்தாலும் அது களவுதானே?"

நான் படலையில் போட்ட கணக்கு அத்தனையும் பிழைத்துப்போனது. வெட்கத்தில் அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. டிஸ்க்கை எங்கே வைத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை லாச்சி, அலுமாரி, புத்தகப் பெட்டி எல்லாவற்றையும் குடைகிறவள். அவளுடைய கை போகாத இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான்: தகப்பனின் விதைநெல். பானையில் அரிசி இல்லாவிட்டாலும் விதைநெல் மூட்டையை அந்த வீட்டில் ஒருவரும் அவிழ்க்க மாட்டார்கள். டிஸ்க்கைப் பொலித்தீனில் சுற்றி, பால்மா டின் ஒன்றுக்குள் போட்டு, விதைநெல் மூட்டைக்குள் புதைத்துவைத்திருக்கிறார். கொழும்பில் எனக்குப் படிப்பித்த எந்தப் பாதுகாப்பும் இதற்குக் கிட்ட வராது என்று நினைத்துக்கொண்டேன்.

"இருங்க, எடுத்திட்டு வாறன்" என்று உள்ளே போனவர், போன வேகத்தில் வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பா விதநெல்ல ஏத்திட்டு வயலுக்குப் போயிட்டார். இண்டைக்கு ஊறப்போடுறாராம்!"

விதைப்பதற்கு முன் விதைநெல்லை மூட்டையோடு வாய்க்காலுக்குள் அமிழ்த்தி ஊறவைப்பார்கள். அது எனக்கும் தெரியும், காக்காவுக்கும் தெரியும். மூவரும் ஓடிப்போய், காத்து நின்ற ஓட்டோவில் ஏறினோம். வயல் மாவடிப்பள்ளிப் பக்கம். இரண்டு பக்கமும் உழுது போட்ட வெளி, நடுவில் குண்டும் குழியுமான வீதி. ஒவ்வொரு குழிக்கும் காக்கா "யா அல்லாஹ்" என்றார், அந்த இளைஞர் "முருகா" என்றார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து ஆமீன் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வாய்க்கால் கரையில் அவருடைய தகப்பன் இடுப்பில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். மூட்டைகள் எல்லாம் தண்ணீருக்குள் கிடந்தன. மேலே கட்டு மட்டும் தெரிந்தது. மகன் ஓட்டோ நிற்கும் முன்பே குதித்து, போட்டிருந்த களிசானோடு வாய்க்காலுக்குள் பாய்ந்து, ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்து இழுக்கத் தொடங்கினார். காக்காவும் சும்மா நிற்கவில்லை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி மறுபக்கத்தைப் பிடித்தார். மருதமுனைப் புடவைக் கடை முதலாளி காரைதீவுக்காரரின் விதைநெல்லை வாய்க்காலுக்குள் நின்று தூக்குவதை ஓட்டோக்காரர் வாய் பிளந்து பார்த்தார்.

"டேய், விசராடா ஒனக்கு? ஊறுற விதய ஏன்டா வெளிய எடுக்கிறாய்?" என்று தகப்பன் கத்தினார்.

"அப்பா, உள்ளுக்க ஒரு டின் இரிக்கு! பால்மா டின்!"

"அதுக்கா இந்தப் பாடு? மூட்ட கட்டக்குள்ள கையில தட்டுப்பட்டிச்சு. விதைக்குள்ள தகரம் கிடக்கப்படா எண்டு எடுத்து வச்சிட்டன். அந்தா, மரத்தடியில."

நான்தான் முதலில் ஓடினேன். மருதமர நிழலில், மடித்துவைத்த சட்டைக்கு மேல் அந்த டின் இருந்தது. திறந்தால் உள்ளே வெற்றிலை! வெற்றிலையைத் தூக்கினேன். அடியில் பொலித்தீன் சுற்றியபடி, 'கணிதம்' என்ற என் கையெழுத்தோடு, டிஸ்க் காய்ந்த மேனிக்குக் கிடந்தது. மூலையில் தாழ்ப்பாளும் நான் தள்ளிவிட்ட இடத்திலேயே இருந்தது. வைரஸ் பிடித்த கம்பியூட்டருக்குள் போய் வந்தும் அதற்குள் ஒன்றும் ஏறியிருக்க முடியாது.

"வெத்தில வைக்க நல்ல டின்னாக் கிடந்திச்சு, மகள்" என்றார் அந்த மனிதர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வாய்க்காலுக்குள் நின்ற இரண்டு பேரும் மூட்டையை மெதுவாகத் திரும்பத் தண்ணீருக்குள் இறக்கினார்கள்.

அங்கிருந்து நேரே அதிபரின் வீட்டுக்குப் போனோம். நீங்கள் வரத் தேவையில்லை என்று சொல்லியும் அந்தத் தம்பி ஈரக் களிசானோடு எங்களுடன் வந்தார். காக்கா தன்னுடைய பிழையைத் தானே சொன்னார். ஒன்றையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பிறகு காரைதீவுத் தம்பி சொன்னார்.

"சேர், முதல் பக்கத்த நான் பாத்திட்டன். அரப் பக்கம்தான். ஆனா பாத்தது பாத்ததுதான். அந்தக் கணக்குகள மாத்தினா நல்லம். வகுப்ப நிப்பாட்டிட்டன். சோதின முடிஞ்சாத்தான் இனித் தொடங்குவன்."

அதிபர் அவர் பக்கம் திரும்பினார். "வீட்டுல சோதின எழுதுற புள்ளைகள் இரிக்காங்களா?"

"தங்கச்சி எழுதுறா சேர்."

"அவவுக்கு?"

"அவவுக்கும் வகுப்பில்ல சேர். என்னோட கோவம்."

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. எங்களைத் தேத்தண்ணி குடிக்க வைத்துவிட்டு, உள்ளே போய் முதல் பக்கத்துக்குப் புதுக் கணக்குகளை எழுதிக்கொண்டு வந்தார். தாளை நாலாக மடித்து என் கையில் தந்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். "ஈரத்தோட நிக்காம அந்தத் தம்பிய வீட்ட கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. அக்கரைப்பற்றில் கம்பியூட்டர் கடை வைத்திருந்த நண்பர் ஒருவரிடம் வைரஸைத் துடைக்கும் டிஸ்க் இருப்பதாகச் சொல்லிவிட்டு, காக்காவின் கடைச் சாரன் ஒன்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். டிஸ்க்கோடு அவர் திரும்பி வந்ததும் எங்கள் கம்பியூட்டரைக் கழுவித் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். முதல் பக்கத்தைத் தட்டத் தொடங்கும் முன் அவர் தானாகவே எழும்பிக் கீழே புடவைக் கடைக்குப் போய்விட்டார். "நான் இருக்கப்படா" என்றார். காக்கா அவருக்குத் துணையாகப் போனார். தனக்கும் இருக்கத் தகுதியில்லையாம்.

பரீட்சை குறித்த நாளில் நடந்தது. வினாத்தாளைக் கையில் பிடித்துப் பார்த்த அதிபர், "வட்டம் வட்டமா இரிக்கி" என்றார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது என்று பிறகு மற்ற ஆசிரியர்கள் சொன்னார்கள்.

சில நாட்களில் தீபாவளி வந்தது. காரைதீவிலிருந்து ஒரு தட்டு நிறைய முறுக்கும் பயற்றம் பணியாரமும் வந்தன. கொண்டுவந்தது அந்தத் தங்கை. வகுப்பு ஏன் நின்றது என்று பரீட்சைக்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "சொல்லியிருந்தா நானே கிளாஸுக்குப் போயிரிக்க மாட்டன். என்னட்டச் சொல்லாம, என்னக் கள்ளி மாதிரி நடத்திட்டாரு" என்று எங்களிடம் அண்ணனைப் பற்றி முறையிட்டாள். அந்தத் தட்டைக் காக்கா வெறுமையாக அனுப்பவில்லை. வட்டிலப்பம் என்ற எங்கள் பெருநாள் இனிப்பைச் செய்வித்து, தட்டு நிறைய வைத்து அனுப்பினார். "டிஸ்க் ஒண்டும் வைக்கல்ல புள்ள, வந்து பாரு" என்று மூடியைத் திறந்து எனக்குக் காட்டிய பிறகுதான் கொடுத்தார்.

பிறகு நான் அதிபரின் பாடசாலைக் கம்பியூட்டர் அறைக்குத் திட்டம் எழுதினேன். கடல் பக்க யன்னல் வேண்டாம், உப்புக்காற்று உள்ளே வரும். வெளியிலிருந்து வரும் டிஸ்க்கை முதலில் வேறொரு கம்பியூட்டரில் போட்டுச் சோதிக்கவேண்டும். வெளியே போகும் டிஸ்க் புதிதாக இருக்கவேண்டும், கேட்டதைத் தவிர வேறொன்றும் அதில் இருக்கக் கூடாது. இந்த வரியை எழுதும்போது காக்கா பெருமூச்சு விட்டார். முக்கியமான எதற்கும் இரண்டு பிரதி. ஒன்று பாடசாலை அலுமாரியில், மற்றது வெளியே வேறோர் இடத்தில். 'வேறோர் இடம்' என்பதற்கு எங்கள் நிலையத்தின் பெயரைத்தான் எழுதியிருந்தேன்.

அதிபர் முழுவதையும் வாசித்தார். அந்த இடத்தில் வந்ததும் பேனையை எடுத்து எங்கள் பெயரைக் குறுக்கே வெட்டினார். மேலே காரைதீவுத் தம்பியின் பெயரை எழுதினார்.

எனக்குச் சுருக்கென்றது. காக்கா என்ன நினைப்பாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அவர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரியான இடம் சேர். என்னட்டத் தந்தா நான் ஆருக்காவது குடுத்திருவன்."

அந்தப் பாடசாலையின் இரண்டாவது பிரதி பல வருடங்கள் காரைதீவில்தான் இருந்தது. சண்டை சச்சரவு என்று வீதி பூட்டிய நாட்களிலும் அது அங்கேயே இருந்தது. வேறிடத்துக்கு மாற்றுவோமா என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

இன்று பாடசாலைகளுக்கும் கடைகளுக்கும் கம்பனிகளுக்கும் கம்பியூட்டர் திட்டமும் பாதுகாப்பும் எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். டிஸ்க் போய்விட்டது, கடவுச்சொல்கள் நீண்டுவிட்டன, வைரஸும் வாசல் தட்டாமல் வானத்தால் வருகிறது. கேட்காத எதையும் அனுப்பாதீர்கள், தெரிந்தவர் அனுப்பினாலும் சோதிக்காமல் திறக்காதீர்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறேன். ஆனால் என் வீட்டிலிருந்து ஒரு தட்டு இன்றுவரை வெறுமையாகத் திரும்பியதில்லை. எத்தனை பூட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தாலும், கடைசிச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று ஓர் இடத்தில் முடிவெடுக்கத்தான் வேண்டும். அப்போதெல்லாம், தான் பார்த்துவிட்ட அரைப் பக்கத்துக்காகச் சொந்தத் தங்கைக்கும் கணக்குச் சொல்லிக் கொடுக்காமல் எழும்பி வெளியே போன அந்த மனிதரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.